இருபது மீட்டரில் எய்பவருக்கு பைனாகுலர் எதற்கு?

இந்த இதழில் சேலம், ஏற்காடு பக்கத்து வாசகர்கள் பைனாகுலர் பற்றி அனுப்பிய கேள்விகள் மட்டும்.

கேள்வி (அஸ்தம்பட்டி வாசகர்): என் மச்சான் அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் இருக்கிறார். முறைப்படி உரிமம் வாங்கி, அக்டோபரில் வில்லும் அம்புமாக மான் வேட்டைக்குப் போவார். 'இருபத்தைந்து மீட்டருக்கு மேல் எய்யவே மாட்டேன்' என்பவர், கூடவே ஒரு பைனாகுலரையும் மார்பில் கட்டிக்கொண்டு போகிறார். வெறுங்கண்ணுக்கே தெரியும் தூரத்துக்கு அது எதற்கு? இந்தமுறை அவருடன் பரணில் உட்கார நானும் போகிறேன். ஒன்று வாங்கிப் போகட்டுமா?

பதில்: வாங்கிப் போங்கள். எய்வதுதான் இருபத்தைந்து மீட்டரில். எய்யலாமா வேண்டாமா என்ற முடிவு அதற்கு வெகுமுன்பே, மான் அறுபது எழுபது மீட்டரில் மரங்களுக்கு நடுவே வரும்போதே எடுக்கப்படுகிறது. துப்பாக்கிக்காரருக்குத் துப்பாக்கியின் மேலேயே பெரிதாக்கிக் காட்டும் ஸ்கோப் இருக்கும். வில்லில் இருப்பது வெறும் குறிமுள், அதாவது ஒவ்வொரு தூரத்துக்கும் ஒன்றாக வைத்துக் குறிபார்க்கும் சிறு முள். அது எதையும் பெரிதாக்காது. வில்லை இழுத்த பிறகு இரண்டு கையும் மாட்டிக்கொள்ளும். 60 பவுண்டு இழுவையுள்ள காம்பவுண்ட் வில்லில் (நுனிகளில் கப்பி வைத்தது) முழுதாக இழுத்தபின் கையில் நிற்கும் பாரம் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்து 12 பவுண்டாகலாம். அதையும் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆடாமல் பிடிப்பது கடினம். ஆகவே பார்க்க வேண்டியது எல்லாம் இழுப்பதற்கு முன்பே பார்த்து முடிந்திருக்க வேண்டும்.

என்ன பார்ப்பார்? முதலில் கொம்பு. பென்சில்வேனியாவின் பெரும்பகுதியில், வயதுவந்த வேட்டைக்காரர் ஆண்மானை எய்ய வேண்டுமானால் அதன் ஒரு பக்கக் கொம்பில் குறைந்தது மூன்று கிளையாவது இருக்க வேண்டும். ஒரு அங்குலத்துக்குக் குறைந்தால் அது கிளைக் கணக்கில் வராது. சூரியன் உதிப்பதற்கு அரை மணி முன்பே வேட்டை நேரம் தொடங்கிவிடும் அந்த மங்கலில், சுள்ளிகளுக்கு இடையில் ஒரு அங்குலக் கிளையை வெறுங்கண்ணால் எண்ண முடியாது. தப்பாக எண்ணி எய்துவிட்டால் அபராதம்.

அடுத்தது, அம்பு போகும் வழி. விரல் பருமன்கூட இல்லாத சுள்ளி பட்டாலே அம்பு திசை மாறிவிடும். மான் வந்து நிற்கக்கூடிய இரண்டு மூன்று இடங்களையும் அங்கே போகும் வழியையும் பரணில் ஏறி உட்கார்ந்ததுமே பைனாகுலரில் துழாவி வைத்துக்கொள்வார்கள். இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு பயன் இருக்கிறது. பைனாகுலரில் ஃபோகஸ் ஒரு தூரத்தில் நிற்கும்போது அதற்கு முன்னால் உள்ள இலையும் சுள்ளியும் கலங்கி, ஏறக்குறைய மறைந்தே போகும். சக்கரத்தை மெதுவாகத் திருத்தித் திருத்தி 15 மீட்டர், 20, 30 என்று அடுக்கடுக்காகப் பார்த்தால் புதருக்கு உள்ளே இருப்பது தெரியும். கண் தானாக இதைச் செய்யாது. முன்னால் இருக்கும் இலையிலேயே ஒட்டிக்கொண்டுவிடும்.

மூன்றாவது வேலை எய்த பிறகு. நெஞ்சுப் பகுதியில் பட்டதா, வயிற்றிலா என்பதை மான் ஓடும் அந்த மூன்று நான்கு விநாடியில் பைனாகுலரில் பிடிக்க வேண்டும். கூட இருக்கும் ஆளுக்கு ஏற்ற வேலை இது, அதாவது உங்களுக்கு! எய்தவர் வில்லை இறக்குவதற்குள் நீங்கள் பார்த்துவிடலாம். பிறகு இறங்கிப் போய் அம்பைப் பார்ப்பார்கள். நுரை கலந்த இளஞ்சிவப்பு ரத்தம் என்றால் நுரையீரல். அரை மணி பொறுத்துத் தேடலாம். கருஞ்சிவப்பு என்றால் ஈரல். நாலு மணி நேரமாவது விட வேண்டும். பச்சை கலந்து நாற்றம் அடித்தால் குடல். எட்டுப் பன்னிரண்டு மணி நேரம்கூடக் காத்திருப்பார்கள். அவசரப்பட்டுப் பின்னால் போனால் படுத்திருக்கும் மான் எழுந்து ஓடி, கிடைக்காமலே போய்விடும். தடம் பிடித்துப் போகும்போதும் பத்தடிக்கு ஒருமுறை நின்று முன்னால் உள்ள காட்டைப் பைனாகுலரில் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி.

வாங்குவதானால் 8x42 வாங்குங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, இரண்டாவது முன் லென்ஸின் அகலம் மில்லிமீட்டரில். பென்சில்வேனியா காடு அடர்த்தியானது. 30 மீட்டர் தூரத்தில் 8x42-இல் சுமார் 4 மீட்டர் அகலம் தெரியும். 10x42-இல் மூன்றேகால் மீட்டர்தான். பத்து மடங்கில் கை நடுக்கமும் பத்து மடங்கு, ஃபோகஸ் நிற்கும் ஆழமும் குறைவு. மேற்கு மாநிலங்களில் மரமில்லாத மலைச்சரிவை எதிர்ச்சரிவிலிருந்து பார்ப்பவர்களுக்கு 10x சரி. வாங்கும்போது மிக அருகில் எவ்வளவு தூரம் வரை ஃபோகஸ் ஆகும் என்று பாருங்கள். மூன்று மீட்டருக்குள் ஆக வேண்டும்.

கழுத்துப் பட்டையில் தொங்கவிட்டால் குனியும்போது ஆடி, வில்லில் மோதி டங்கென்று சத்தம் வரும். மார்போடு அணைத்துப் பிடிக்கும் பை வைத்த தோள்வார் நல்லது. ஆனால் வில்லுக்காரருக்கு அதிலும் ஒரு சங்கடம் உண்டு. விட்ட நாண் மார்பை ஒட்டியே முன்னால் பாயும். பை பெரிதாக இருந்தாலோ மேலே ஏறியிருந்தாலோ நாண் அதில் உரசி அம்பு பக்கவாட்டில் போய்விடும். மச்சானை வேட்டைக்குப் போடும் குளிர்ச்சட்டை, வார், பை எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு வீட்டுக் கொல்லையில் நாலு அம்பு எய்து பார்க்கச் சொல்லுங்கள். உரசினால் பையை இரண்டு விரற்கடை கீழே இறக்கலாம், அல்லது நாண் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் தள்ளலாம். பையின் மூடி வெல்க்ரோவாக இருக்கக் கூடாது. பிய்க்கும் சத்தத்தில் மான் போய்விடும். காந்த மூடி சத்தமில்லாதது. ஆனால் திசைகாட்டியை அதன் பக்கத்தில் வைக்காதீர்கள்.

தூக்கும் அசைவையும் மான் பார்த்துவிடும். அதன் கண் பக்கவாட்டில் இருப்பதால் தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய 300 டிகிரி பார்க்கும். அது தலை தாழ்த்தி மேயும்போதோ மரத்துக்குப் பின்னால் போகும்போதோ, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து மெல்லத் தூக்குங்கள். 25 மீட்டருக்குள் வந்தபின், அம்பு பாயும்வரை பைனாகுலரைத் தொடவே தொடாதீர்கள்.

கேள்வி (அதே வாசகர்): தூரம் அளக்கும் லேசர் கருவியும் வேண்டுமா? இரண்டையும் சுமக்க முடியுமா?

பதில்: இரண்டுக்கும் வேலை வேறு. ஒன்றை மட்டும்தான் வாங்க முடியும் என்றால், கூட உட்காருபவருக்கு பைனாகுலர், எய்பவருக்கு ரேஞ்ச் ஃபைண்டர்.

கணக்கைப் பாருங்கள். விநாடிக்கு 280 அடி வேகத்தில் போகும் அம்புக்கு, காற்றுத் தடையை விட்டுவிட்டால், 30 மீட்டரைக் கடக்க சுமார் 0.35 விநாடி ஆகும். அதற்குள் அது 60 சென்டிமீட்டர் கீழிறங்குகிறது. 30 மீட்டர் என்று நினைத்து அதற்கான குறிமுள்ளை வைத்து, மான் உண்மையில் 36 மீட்டரில் நின்றிருந்தால் அம்பு சுமார் 15 சென்டிமீட்டர் தாழ்ந்துவிடும். மானின் உயிர்நிலைப் பகுதியே 20, 25 சென்டிமீட்டர் அகலம்தான். நடுவில் குறிவைத்தவரின் அம்பு அதற்கு வெளியே போய்விட்டது. 36 மீட்டரை 30 என்று நினைப்பது சாதாரணமாக நடக்கிற பிழை, அதுவும் மேடுபள்ளத்தில்.

மானைப் பார்த்தபின் அளக்கக் கூடாது. பரணில் உட்கார்ந்ததும் சுற்றியுள்ள ஐந்தாறு மரம், பாறையை அளந்து மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். லேசர் முன்னால் உள்ள இலையில் பட்டுத் திரும்பினால் 11 மீட்டர், 12 மீட்டர் என்று பொய் சொல்லும். தொலைவில் உள்ளதை எடுத்துக்கொள்ளும் அமைப்பு கருவியில் இருந்தால் அதை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கோணத்தைச் சரிசெய்து, குறிவைக்கத் தேவையான கிடைமட்டத் தூரத்தைக் காட்டும் கருவிக்குக் கூடுதல் பணம் கேட்பார்கள். 6 மீட்டர் உயரப் பரணிலிருந்து 20 மீட்டர் என்றால் கிடைமட்டத் தூரம் 19. ஒரு மீட்டர் வித்தியாசத்துக்கு அது தேவையில்லை. 30 டிகிரி மலைச்சரிவில் 40 மீட்டர் என்றால் கிடைமட்டத்தில் 34.6. அங்கே தேவை.

கேள்வி (கன்னங்குறிச்சி வாசகர்): வில்வித்தை பழகுகிறேன். ஏற்காடு மலைப்பக்கம் வில்லைக் கொண்டுபோய்ப் பன்றி, முயல் என்று பழகிப் பார்க்கலாமா?

பதில்: கூடாது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆயுதம் என்பதற்கான விளக்கத்திலேயே வில்லும் அம்பும் பெயர் சொல்லி இருக்கின்றன. கொல்வது மட்டுமல்ல, கொல்ல முயல்வதும் அந்தச் சட்டத்தில் வேட்டைதான். காட்டெருமை போல முதல் அட்டவணையில் உள்ள விலங்கு என்றால் 3 முதல் 7 ஆண்டு சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். அமெரிக்காவில் உரிமத்தோடு நடப்பது வேறு நாட்டுக் கதை. பழக வேண்டுமானால் வைக்கோல் இலக்கு போதும்.

கேள்வி (நாகலூர் வாசகி): காப்பித் தோட்டத்தில் மேற்பார்வை செய்கிறேன். விடியற்காலையில் பழம் பறிக்க ஆட்களை விடும்போது உள்ளே காட்டெருமை நிற்கிறதா என்று தெரிவதில்லை. பைனாகுலர் உதவுமா? எப்படிப் பார்ப்பது?

பதில்: உதவும். வில்லுக்காரர் புதருக்குள் மானைத் தேடுவதும் நீங்கள் செடிக்குள் மாட்டைத் தேடுவதும் ஒரே வேலைதான். அவர் நெருங்கப் பார்க்கிறார், நீங்கள் விலகப் பார்க்கிறீர்கள், அவ்வளவே.

முழு மாட்டைத் தேடாதீர்கள். சில்வர் ஓக் தண்டுகள் எல்லாம் நெட்டுக்குத்தாக நிற்கும் இடத்தில் படுக்கைவசமாக ஒரு கரிய கோடு தெரிந்தால் அது முதுகு. காட்டெருமைக்கு முழங்காலுக்குக் கீழே நாலு காலும் வெள்ளை. காப்பிச் செடியின் அடியில், கிளை விரியாத இடைவெளியில், வெள்ளைக் கால்கள்தான் முதலில் கண்ணில் படும். ஆகவே செடியின் தலையைப் பார்க்காமல் தூரைப் பாருங்கள். காது ஆட்டுவதும் வால் வீசுவதும் காட்டிக் கொடுத்துவிடும்.

பார்க்கும் முறை: பாதையில் செடிமட்டத்துக்கு மேலே ஒரு மேட்டில், பாறை அல்லது மரத்தில் சாய்ந்து நில்லுங்கள். பகுதியை மூன்று பட்டையாக மனதில் பிரியுங்கள். கிட்டப் பட்டையில் இடமிருந்து வலம், அடுத்ததில் வலமிருந்து இடம், கடைசிப் பட்டையில் மறுபடி இடமிருந்து. பைனாகுலரை இழுத்துக்கொண்டே போகாமல் ஒரு பார்வை வட்டத்தில் ஐந்து விநாடி நிறுத்தி, பிறகு பாதி வட்டம் நகர்த்துங்கள். நகர்த்திக்கொண்டே பார்த்தால் அசையாமல் நிற்கும் மாடு தப்பிவிடும். ஒவ்வொரு பட்டையிலும் சக்கரத்தைத் திருப்பி முன்னும் பின்னும் பாருங்கள். ஒரு பார்வைக்குப் பத்து நிமிடம் ஆகும். நவம்பர் முதல் ஜனவரி வரை பறிப்பு நேரத்தில் அந்தப் பத்து நிமிடத்தை ஆட்கள் வருவதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

மூடுபனி இறங்கியிருந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பைனாகுலரும் வெள்ளையைத்தான் பெரிதாக்கிக் காட்டும். அன்றைக்குப் பனி கலையும்வரை உள்ளே ஆள் அனுப்பாமல் இருப்பதே வழி. பைனாகுலரில் காணவில்லை என்பதாலேயே இல்லை என்று ஆகிவிடாது. உள்ளே போகும்போது சத்தமாகப் பேசிக்கொண்டே போகச் சொல்லுங்கள். தனியாக நிற்கும் கிடாவைக் கண்டால் கூடுதல் கவனம். வளர்ந்த கிடா ஆயிரம் கிலோ வரை இருக்கும். அது உடம்பைப் பக்கவாட்டில் காட்டி விறைத்து நடந்தால் சாதுவாக நிற்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்; அதுதான் மிரட்டல். மூக்கால் உஸ்ஸென்று சீறினாலும் அப்படியே. பின்வாங்கி, மாடு வெளியேற ஒரு பக்கம் வழிவிட்டு, வனத்துறைக்குச் சொல்லுங்கள். கைபேசியில் படம் எடுக்கக் கிட்டப் போகும் ஆட்களைத் தடுக்க வேண்டியதும் மேற்பார்வையாளரான உங்கள் பாடுதான்.

கேள்வி (ஏற்காடு வாசகர்): எங்கள் வீட்டு பைனாகுலருக்குள் சிலந்தி வலை போல வெள்ளையாகப் படர்கிறது. துடைத்தும் போகவில்லை.

பதில்: பூஞ்சை. உள்ளே இருப்பதை வெளியே துடைத்துப் பயனில்லை. கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரத்தில், மழைக்காலம் முழுக்க மூடுபனி நுழையும் வீட்டில் இது எதிர்பார்க்க வேண்டியதுதான். காற்றில் ஈரப்பதம் 65, 70 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் லென்ஸில் பூஞ்சை வளரும். வளரும்போது வெளிவிடும் அமிலம் மேல்பூச்சை அரித்துவிடும்; அதன்பின் சுத்தம் செய்தாலும் தழும்பு நிற்கும். ஆரம்பம் என்றால் கேமரா பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். நீங்களே திருகைக் கழற்றினால் இரண்டு குழலும் நேர் விலகிவிடும்.

இனிமேலுக்கு: தோல் உறையில் வைக்கவே வைக்காதீர்கள், தோல் ஈரத்தையும் இழுக்கும், பூஞ்சைக்குத் தீனியும் ஆகும். ரப்பர் விளிம்பு உள்ள ஐந்து லிட்டர் பிளாஸ்டிக் டப்பா, அதில் 50 கிராம் சிலிக்கா ஜெல் போதும். நிறம் மாறும் ரகமாக வாங்குங்கள். நிறம் மாறியதும் இரும்புச் சட்டியில் சிறுதீயில் வறுத்தால் மறுபடி பயன்படும். சட்டியைச் சமையலுக்குத் திரும்ப எடுக்க வேண்டாம். சிலர் அரிசியில் புதைத்து வைக்கிறார்கள்; தவிடும் தூசும் இடுக்கில் ஏறுவதுதான் மிச்சம். பனியில் நனைந்து வந்தால் டப்பாவில் போடும் முன் ஒரு இரவு திறந்த அறையில் உலரட்டும். புதிதாக வாங்குவதானால் நைட்ரஜன் அடைத்து மூடியதை வாங்குங்கள். உள்ளே ஈரக்காற்று போகாது.

கேள்வி (சூரமங்கலம் வாசகர்): வயது 58. கண்ணாடி போடுகிறேன். 10x50 பெரிதாகவும் வெளிச்சமாகவும் இருக்கும் என்கிறார்களே?

பதில்: பின்னால் உள்ள எண்ணை முன்னால் உள்ள எண்ணால் வகுங்கள். 50-ஐ 10-ஆல் வகுத்தால் 5. 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25. கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் மில்லிமீட்டரில் அது. இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. எடை மட்டும் 10x50-இல் அதிகம். இருட்டில் இளைஞரின் கண்பாவை 7 மில்லிமீட்டர் வரை விரியும். உங்கள் வயதில் 5-ஐத் தாண்டுவதே அரிது, எனவே அதற்கு மேல் காசு கொடுப்பது வீண். கண்ணாடியோடு பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது, கண்ணுக்கும் லென்ஸுக்கும் இடையே எவ்வளவு தள்ளி நின்று முழு வட்டத்தையும் பார்க்க முடியும் என்பதை. 16 மில்லிமீட்டராவது வேண்டும். கண்பக்க ரப்பர் கிண்ணத்தை உள்ளே இறக்கிவிட்டுப் பாருங்கள்.

கேள்வி (அம்மாபேட்டை வாசகி): சுற்றுலா போன இடத்தில் '60x60' என்று அச்சிட்ட பைனாகுலர் எண்ணூறு ரூபாய்க்குக் கிடைத்தது. ஏற்காடு பகோடா பாயிண்ட்டில் ஒன்றும் தெரியவில்லை.

பதில்: அந்த எண் அச்சுக்காரர் இட்டது. உண்மையிலேயே அறுபது மடங்கு என்றால் ஒளிக்கற்றை 1 மில்லிமீட்டர். கையில் பிடித்துப் பார்க்கவே முடியாது. குழந்தைகளிடம் கொடுத்துவிடுங்கள். சூரியனைப் பார்க்கக் கூடாது என்று சொல்லிக் கொடுங்கள். ஒரு நொடியில் பார்வை போய்விடும்.

கேள்வி (ஓமலூர் வாசகர்): ஒரு கண்ணுக்குத் தெளிவாகவும் மறு கண்ணுக்கு மங்கலாகவும் தெரிகிறது. கெட்டுவிட்டதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. நாற்பது மீட்டரில் எழுத்துள்ள ஒரு பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். வலது முன் லென்ஸை மூடியால் மறையுங்கள். கண்ணை இடுக்க வேண்டாம், இரண்டும் திறந்திருக்கட்டும். நடுச் சக்கரத்தைத் திருப்பி இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடது லென்ஸை மூடி, நடுச் சக்கரத்தைத் தொடாமல், வலது கண்பக்க வளையத்தை மட்டும் திருப்புங்கள். அது நின்ற இடத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். இனி நடுச் சக்கரம் மட்டும் போதும்.

மங்கலாக இல்லாமல் இரட்டையாகத் தெரிந்தால் வேறு விஷயம். தூரத்து மின்கம்பியைப் பார்த்துக்கொண்டே பைனாகுலரைக் கண்ணிலிருந்து பத்து சென்டிமீட்டர் மெல்ல விலக்குங்கள். கம்பி இரண்டு வட்டத்திலும் ஒரே மட்டத்தில் ஓடாமல் படி விழுந்தால் எப்போதோ கீழே போட்டதில் உள்ளே பிரிசம் நகர்ந்துவிட்டது. தலைவலியோடு அதைப் பயன்படுத்தாதீர்கள்.

கேள்வி (ஆத்தூர் வாசகர்): மகள் 70 மீட்டர் வில்வித்தைப் பயிற்சியில் இருக்கிறாள். அம்பு எங்கே பட்டது என்று பார்க்க 8x42 போதுமா? போட்டியில் அனுமதிப்பார்களா?

பதில்: அம்பின் தண்டு 5 மில்லிமீட்டர் பருமன். 70 மீட்டரில் அது ஒரு டிகிரியின் அறுபதில் ஒரு பங்கில் கால்வாசிதான். நல்ல கண்ணால் பிரித்தறிய முடிவது ஏறக்குறைய அந்த அறுபதில் ஒரு பங்கு. எட்டு மடங்கில் அதைவிட இருமடங்காகும்; அம்பு இலக்கின் நடு மஞ்சள் வட்டத்திலா, அதைச் சுற்றிய சிவப்பிலா என்று தெரியும். பத்துப் புள்ளிக்கும் ஒன்பது புள்ளிக்கும் இடைக்கோட்டில் பட்டதா என்று தெரியாது. அதற்கு முக்காலியில் வைத்த 20 மடங்கு ஸ்பாட்டிங் ஸ்கோப் (ஒற்றைக்குழல் தொலைநோக்கி) வேண்டும். அம்பின் பின்முனையைப் பளிச்சென்ற பச்சையிலோ ஆரஞ்சிலோ மாற்றினால் பைனாகுலரிலேயே பாதி வேலை முடியும்.

உலக வில்வித்தை அமைப்பின் விதிப்படி, எய்த அம்பைப் பார்க்க பைனாகுலர், ஸ்கோப் இரண்டுக்கும் அனுமதி உண்டு. பக்கத்தில் எய்பவருக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது. தூரம் குறிக்காத காட்டுவழிப் போட்டிகளில் ரேஞ்ச் ஃபைண்டருக்கு அனுமதி இல்லை, அங்கே தூரத்தைக் கண்ணால் கணிப்பதே போட்டியின் ஒரு பகுதி. போட்டியில் ஸ்கோப்பின் மேல்பகுதி எய்பவரின் அக்குளுக்கு மேலே போகக் கூடாது; அந்த வரம்புக்குள், நின்ற இடத்திலிருந்து அதிகம் குனியாமல் பார்க்கும்படி முக்காலியை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒவ்வொரு அம்புக்கும் நன்றாகக் குனிந்து நிமிர்ந்தால் நிற்கும் நிலை கலைந்துபோகும்.